இந்த வாரம் யாருடைய முறைவாசல்?

வாசகர் கேள்வி பதில்

சென்ற இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அவற்றில் கணிசமானவை ஒரே வீட்டைப் பலர் பகிர்ந்துகொண்டு வாழ்வதன் சங்கடங்களைப் பற்றியவையாக இருந்தன. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையிலும், அந்தப் பக்கம் வியாசர்பாடி, பெரம்பூர் வரையிலும் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவர்களே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு 26 வயது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வந்து, துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் நான்கு பேர் தங்கியிருக்கிறோம். ஒருவர் உணவு டெலிவரி செய்கிறார், ஒருவர் இரவுப் பணிக்குப் போகிறார், மற்றொருவர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். சமையலை முறை வைத்துச் செய்கிறோம். ஆனால் பாத்திரத்தை மட்டும் யாரும் தேய்ப்பதில்லை. நான் தேய்க்காவிட்டால் மூன்று நாளானாலும் சிங்க்கிலேயே கிடக்கிறது. போன வாரம் குழம்புச் சட்டியில் பூஞ்சை பூத்துவிட்டது. கேட்டால், "உனக்குத்தான் ரொம்பச் சுத்தம்" என்று சிரிக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டேன். ஒருவர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். ஆத்திரத்தில் அந்தச் சட்டியை அப்படியே கொண்டுபோய் அவருடைய பாயின் மேல் வைத்துவிட்டேன். இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் செய்தது தவறா? (தண்டையார்பேட்டை)

பதில்: தம்பி, தவறுதான். நாள் முழுவதும் உழைத்துவிட்டு வந்து ஒருவர் தலை சாய்க்கிற இடத்தில் அழுகிய குழம்பை வைப்பது, அவர் செய்த குற்றத்தைக் காட்டிலும் பெரிய குற்றம். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். "நீ தேய்க்காததால்தான் அப்படிச் செய்தேன்" என்று ஒரு வாலைச் சேர்த்துச் சொன்னால் அது மன்னிப்பாகாது. பாத்திரத்தைப் பற்றிய பேச்சு வேறொரு நாளைக்கு இருக்கட்டும்.

இனி பாத்திரத்துக்கு வருகிறேன். நான் பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில், ஒன்பது குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில். நீண்ட நடை, இருபுறமும் ஒற்றை அறைகள், கடைசியில் ஓர் அடி பம்பு, அதற்கும் பின்னால் ஒன்பது குடும்பங்களுக்குமாக இரண்டு கழிப்பறைகள். அந்த வீட்டில் முறைவாசல் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வாரத்துக்கு ஒரு குடித்தனம் என்று வைத்து, விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுவதும், நடையைக் கழுவிவிடுவதும், கழிப்பறைகளைத் தேய்ப்பதும், இரவில் தெருக்கதவைச் சாத்துவதும் அந்த வாரத்துக்காரர் பொறுப்பு. வாரம் முடிகிற மாலையில், முடித்தவர் தென்னந்துடைப்பத்தையும் தகர வாளியையும் அடுத்த அறையின் வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுவார். வாளி யார் வாசலில் இருக்கிறதோ அவருடைய முறை என்பதால் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. என் அம்மாவுக்கும் எதிர் அறைக்காரருக்கும் ஆறு மாத காலம் முகம் கொடுத்துப் பேச்சே இல்லாமல் போன சமயத்திலும், அந்த வாளி தவறாமல் வாசல் மாறிக்கொண்டுதான் இருந்தது. அந்த வாளியின் அடியில் ஓட்டை விழுந்து ஈயம் வைத்து அடைத்திருந்த இடம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் வீட்டில் சமையலுக்கு முறை இருக்கிறது. ஆகையால் சமையல் நடக்கிறது. பாத்திரத்துக்கு முறை இல்லை. ஆகையால் அது, அழுக்கைப் பொறுக்கமாட்டாத ஒருவர் தலையில், அதாவது உங்கள் தலையில், விழுகிறது. உங்கள் நண்பர்கள் அழுக்கானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சொந்த வீட்டில் அம்மாவோ அக்காவோ தேய்த்துக் கவிழ்த்து வைத்த தட்டையே எடுத்துச் சாப்பிட்டுப் பழகிய ஆண்பிள்ளைகளுக்கு, சிங்க்கில் கிடப்பது தங்கள் வேலை என்று தோன்றுவதே இல்லை. அதை இருபத்தைந்து வயதில் கற்றுக்கொள்ள நேர்வது வருத்தத்துக்குரியதுதான், ஆனால் அந்த வயதிலும் கற்றுக்கொள்ள முடியும்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நால்வரும் வீட்டில் இருக்கும்போது, தேநீருக்குப் பிறகு உட்கார்ந்து பேசுங்கள். இரவு பதினோரு மணிக்குக் கையில் கரிப்பிடித்த சட்டியோடு நின்று பேசாதீர்கள். குழுவில் படம் போடவும் வேண்டாம். படம் போடுவது, நாலு பேருக்கு நடுவில் ஒருவரை நிறுத்தி வைத்து அவமானப்படுத்துவதற்குச் சமம். அவமானப்பட்டவர் பாத்திரம் தேய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பேச்சும் பாத்திரத்தைப் பற்றியதாகவே இருக்கட்டும். "நீ எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்கினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பேசுவார். "ராத்திரிச் சமையலின் பாத்திரம் காலைக்குள் தேய்த்து முடிந்திருக்க வேண்டும், யார் எப்போது செய்யலாம்" என்று தொடங்கினால் அவர் கணக்குப் பார்க்கத் தொடங்குவார்.

அந்தக் கணக்கில், வேலைகளைச் சரிசமமாக வெட்டிக் கொடுக்க முயலாதீர்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வருகிற டெலிவரிக்காரரை இரவுப் பாத்திரத்துக்கு வைத்தால் அந்த ஏற்பாடு இரண்டாம் நாளே உடையும். அவர் காலையில் குப்பையை இறக்கிக் கொடுத்து, தண்ணீர் வருகிற நேரத்தில் டிரம்மை நிரப்பலாம். படிக்கிறவர் பகலில் வீட்டில் இருக்கிறார் என்பதற்காக எல்லாவற்றையும் அவர் மேல் ஏற்றுவதும் நியாயமன்று, படிப்பும் வேலைதான். யார் எதைச் செய்வது என்று முடிவானதும் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள், இது நான் கண்ணால் கண்டு நம்புகிற உபாயம். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மிச்சப் பாத்திரங்களையெல்லாம் பரணில் ஏற்றிவிடுங்கள். பன்னிரண்டு தட்டுகள் இருக்கும் வீட்டில் பன்னிரண்டு தட்டும் அழுக்காகும் வரை யாரும் சிங்க் பக்கம் திரும்புவதில்லை. ஒரே தட்டுதான் என்றால், பசிக்கிறவன் அதைத் தேய்த்துத்தான் சாப்பிட வேண்டும். அப்புறம் முறைக்கு எஞ்சுவது குக்கரும் குழம்புச் சட்டியும் கரண்டியும்தான், அது பத்து நிமிட வேலை.

பூஞ்சை பூத்ததைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதனால் அருவருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பது இரவு முழுவதும் குக்கரிலேயே வைத்திருந்து மறுநாள் சூடுகாட்டிச் சாப்பிடுகிற சோறு. அரிசியில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு சென்னையின் வெக்கையில் மணிக்கணக்கில் வெளியில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சோ மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. இரவுப் பணிக்காரருக்கு எடுத்து வைக்கிற சோற்றை, வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

இரவில் படுக்கப் போகும் முன் சிங்க்கைத் துடைத்து ஈரம் இல்லாமல் வைக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். கரப்பான் பூச்சி உணவின்றி வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. எத்தனை மருந்து அடித்தாலும், ஊறிக் கிடக்கும் பாத்திரமும் சொட்டுகிற குழாயும் இருக்கும் வரை அது உங்கள் வீட்டை விட்டுப் போகப்போவதில்லை.

கழிப்பறையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நாலு ஆண்கள் தங்கியிருக்கும் வீட்டில் அது எப்படி இருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. அதையும் வாரம் ஒருவர் என்று முறையில் சேருங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். கறை போக வேண்டும் என்று ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துக் கொட்டுகிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சிறு கழிப்பறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகும். ஒன்றை ஊற்றினால் மற்றொன்றைத் தொடாதீர்கள்.

நால்வரும் பணம் போட்டு ஓர் அம்மாவை வேலைக்கு வைத்துக்கொள்வதும் தவறன்று. ஆனால் மூன்று நாள் பாத்திரத்தைச் சேர்த்து வைத்து அவர் முன் குவிப்பதும், பேசிய சம்பளத்துக்குள் கழிப்பறையையும் நுழைப்பதும் கூடாது. எச்சிலையும் எலும்பையும் தட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள்.

இத்தனையும் செய்து, நாலு ஞாயிறு கடந்தும் உங்கள் வாளி உங்கள் வாசலை விட்டு நகரவே இல்லை என்றால், வேறு அறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் போவதில் தோல்வி ஒன்றும் இல்லை.

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். இராயபுரத்தில் மூன்று பெண்கள் ஓர் அறையில் தங்கியிருக்கிறோம். அவர்களில் ஒருத்தி என் துண்டு, சீப்பு, சோப்பு எல்லாவற்றையும் எடுத்துப் பயன்படுத்துகிறாள். சொன்னால், "நாம என்ன அந்நியமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இப்போது எனக்கு இடுப்பிலும் தொடையிலும் வட்ட வட்டமாகப் படை வந்திருக்கிறது. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைத் தடவினால் அடங்குகிறது. விட்டால் முன்னைவிடப் பெரிதாகப் பரவுகிறது. குளியலறை மூலையில் அவள் விட்டுவிடுகிற நாப்கினையும் நான்தான் எடுத்துப் போடுகிறேன். எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. (இராயபுரம்)

பதில்: தங்கையே, முதலில் அந்தக் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டு. நீ எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அமுக்கிவிடும்; ஆனால் பூஞ்சை உள்ளே சாகாமல் பரவிக்கொண்டே இருக்கும். "அடங்குகிறது, விட்டால் பெரிதாகிறது" என்று நீ எழுதியிருப்பது அதன் அடையாளமே. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, உன் அறையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டினால் காசு செலவில்லை. மருந்தை, படை மறைந்தவுடன் நிறுத்திவிடாமல், அவர்கள் சொல்கிற வாரக் கணக்கு முடியும் வரை பூசு. உன் தோழியையும் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கும் இருந்து அவள் வைத்தியம் செய்துகொள்ளாவிட்டால், உனக்குக் குணமாகி ஒரு மாதத்தில் மறுபடி வந்துவிடும்.

அரிப்பு இரவில்தான் அதிகம், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு சிறு கொப்புளம் என்று இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அப்படியானால் அறையில் இருக்கும் மூவருமே, அரிப்பு இல்லாதவர் உட்பட, ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். முதல் தடவை சிரங்குப் பூச்சி தொற்றியவருக்கு அரிப்பு தெரிய நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டே அவர் மற்றவர்களுக்குப் பரப்புவார்.

தோழியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். இந்த நோயே உனக்கு ஒரு வாயிலைத் திறந்து விட்டிருக்கிறது. "என் துண்டைத் தொடாதே" என்பது சண்டை. "எனக்குப் படை வந்திருக்கிறது, என் துண்டை எடுத்தால் உனக்கும் ஒட்டிக்கொள்ளும், டாக்டர் தனித்தனியாக வைக்கச் சொன்னார்" என்பது அக்கறை, அத்தோடு அது உண்மையும் ஆகும். குணமான பிறகும் அதையே வழக்கமாக வைத்துக்கொள். ஒரே தட்டில் பிசைந்து சாப்பிடுகிற அன்பு நம்மிடையே இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் துண்டும் சீப்பும் உள்ளாடையும் அந்த அன்பின் கணக்கில் சேராதவை. மூவரும் ஆளுக்கொரு நிறத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். எது யாருடையது என்ற பேச்சே எழாது.

துணியை எங்கே உலர்த்துகிறீர்கள்? பெண்கள் தங்கியிருக்கும் அறைகளில், நாலு பேர் கண்ணில் படுமே என்ற கூச்சத்தினால் உள்ளாடையை ஈரத் துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவதையும், காய்ந்தும் காயாமலும் எடுத்து உடுத்துவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். பூஞ்சைக்கு அதைவிட உகந்த இடம் கிடையாது. நாள் முழுவதும் நின்றபடியே வியர்க்கிற உடம்பு உன்னுடையது. மொட்டைமாடியில் வெயில் படுகிற இடத்தில் கொடி கட்டிக்கொள்ள வீட்டுக்கார அம்மாவிடம் மூவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

நாப்கினைப் பொறுத்தவரை அவளிடம் நேராகவே சொல்லலாம். இதில் கூச்சப்பட உனக்கு ஒன்றும் இல்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகளே அதை நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று சொல்கின்றன. குளியலறையில் ஒரு மூடி போட்ட சிறு கூடையும், பக்கத்தில் பழைய செய்தித்தாளும் வைத்துவிட்டு, "சுற்றி இதில் போட்டுவிடு, காலையில் யார் முறையோ அவர் குப்பை வண்டியில் கொடுத்துவிடட்டும்" என்று சொல். கழிப்பறைக்குள் மட்டும் யாரும் போட்டுவிடக் கூடாது. குழாய் அடைத்துக்கொண்டால், கடைசியில் அதில் கைவிட நேர்கிறவர் நம்மைப் போன்ற ஒரு மனிதர் என்பதை உன் தோழியிடம் மறக்காமல் சொல்.

கேள்வி: அம்மா, ஐந்து குடித்தனங்கள் உள்ள வீட்டில் கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் வசிக்கிறோம். எனக்கு 67 வயது. மாடியில் இருப்பவர்கள் தண்ணீர் பிடித்த டிரம்களை மூடுவதே இல்லை. பகலிலேயே கொசு பிடுங்குகிறது. போன மழைக்காலத்தில் மனைவிக்கு டெங்கு வந்து பிழைத்ததே பெரிய காரியம். சொன்னால், "நல்ல தண்ணிதானே, சாக்கடையா?" என்கிறார்கள். (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: ஐயா, அவர்கள் சொல்வதில்தான் ஆபத்தே இருக்கிறது. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரைத்தான் நாடி முட்டையிடுகிறது. பகலில் கடிப்பதும் அதுவே. முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறச் சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் நிரம்பியதும் பொரிக்கும்.

குழாயில் எப்போது வரும் என்று தெரியாத தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறவர்களிடம், பிடிக்காதே என்று சொல்ல முடியாது. ஒரு பழைய வேட்டித் துணியை நீங்களே நாலாகக் கிழித்து, ஒவ்வொரு டிரம்மின் வாயிலும் கட்டக் கொடுங்கள். டிரம்மிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மொண்டு, அதில் நெளிகிற புழுக்களை அந்த வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பெரியவர்கள் கேட்காததைக் குழந்தைகள் கேட்பார்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து பார்ப்பார்கள். அக்கம்பக்கத்தாரைப் புகார் செய்வதா என்று தயங்க வேண்டாம். உங்கள் மனைவிக்கு இரண்டாம் முறை டெங்கு வந்தால் அது முதல் முறையைவிடக் கடுமையாக இருக்கக்கூடும்.

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். வாடகை ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருக்கிறது. மற்ற இருவரும் வீட்டை நாசமாக வைத்திருக்கிறார்கள். சமையலறைச் சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, கழிவுநீர்க் குழாய் அடைப்பு. காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்கிறார் வீட்டு உரிமையாளர். தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்றும் மிரட்டுகிறார். (திருவொற்றியூர்)

பதில்: 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்த பிறகு உங்கள் பக்கத்தில் இப்படிச் சேர்ந்து வீடு எடுப்பவர்கள் பெருகியிருப்பதை நான் பார்க்கிறேன், பெரும்பாலும் ஒருவரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அவதிப்படுகிறார். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் மட்டும் இருப்பதால், உரிமையாளர் கண்ணில் மூவரின் அழுக்கும் உங்களுடையதே. முறையான சேதத்துக்கும் நிலுவைக்கும் அவர் அட்வான்ஸில் பிடிக்கலாம். ஆனால் தண்ணீரை நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எந்தத் தகராறின் பேரிலும் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை உரிமையாளர் தடுக்கக் கூடாது என்கிறது. வேறாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றன.

அடைப்பை உடனே எடுங்கள், செலவை மூன்றாகப் பிரித்து எழுதி வையுங்கள். சுவரைச் சோடா உப்பும் பாத்திர சோப்பும் கலந்த வெந்நீரால் துடைத்துவிட்டு, ஒவ்வோர் அறையையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு மற்ற இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு இணங்காத நண்பரோடு அடுத்த வீட்டுக்கும் சேர்ந்து போகாதீர்கள்.

கேள்வி: பெரம்பூரில் நாங்கள் நாலு பெண்கள் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். மூன்று மாதம் முன்பு வந்தவள் காசிமேட்டுக்காரி. மாமியார் வீட்டில் பிரச்சினை என்று தனியாக இருக்கிறாள். ஞாயிறுதோறும் கருவாட்டுக் குழம்பு வைக்கிறாள். வீடெல்லாம் நாற்றம், தலையணை உறை வரைக்கும் ஏறிவிடுகிறது. அந்த ஏரியாக்காரர்களுக்குச் சுத்தம் என்பதே தெரியாது என்று என்னோடு இருப்பவள் சொல்கிறாள். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டோம். மனம் நோகாமல் அவளை எப்படிக் காலி செய்யச் சொல்வது? (பெரம்பூர்)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் பெண் பாத்திரத்தைத் தேய்ப்பதில்லை என்று நீங்கள் எழுதவில்லை. குளியலறையை அசுத்தமாக விடுகிறார் என்றோ, தன் முறையில் கூட்டுவதில்லை என்றோ எழுதவில்லை. அவர் சமைப்பதன் வாசனை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் எழுதியிருக்கிறது. பிடிக்காத வாசனை வேறு, அசுத்தம் வேறு. உப்பிட்டு வெயிலில் உலர்த்திய மீன் அது. கடலோரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வளர்ந்த உணவு. என் அம்மாவின் அடுப்பிலும் கத்திரிக்காய் போட்ட வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு கொதித்த ஞாயிறுகள் உண்டு. எதிர் அறையிலிருந்து ஒரு கிண்ணம் வந்து நிற்கும், இன்னொரு அறையில் கதவு சாத்தப்படும். இரண்டையும் பார்த்து வளர்ந்தவள் நான், சாத்தப்பட்ட கதவின் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

"அந்த ஏரியாக்காரர்களுக்குச் சுத்தம் தெரியாது" என்ற பேச்சை உங்கள் வீட்டில் இனி யாரும் பேச அனுமதிக்காதீர்கள். இந்த நகரம் முழுவதும் கழித்துக் கட்டுகிற குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில் வந்து மலையாகக் குவிந்திருக்கிறது. நகரத்துக்கு மின்சாரம் கொடுத்த அனல் நிலையங்களின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்திருக்கிறது. மணலியின் புகையை மணலிக்காரர்கள்தான் சுவாசிக்கிறார்கள். ஊரார் அழுக்கையெல்லாம் தன் வாசலில் சுமக்கிற வடசென்னையின் மக்களைப் பார்த்து, அதே வடசென்னையில் குடியிருந்துகொண்டு அழுக்கானவர்கள் என்று சொல்வது என்னால் பொறுக்க முடியாத ஒன்று.

தனித் தட்டு, தனித் தம்ளர் என்பது இந்த நாட்டில் எதன் அடையாளமாக இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். முதல் கடிதத்துக்கு நான் சொன்ன ஆளுக்கொரு தட்டு என்பது நால்வருக்கும் பொதுவான ஏற்பாடு. நீங்கள் வைத்திருப்பது ஒருவருக்கு மட்டும், இரண்டும் ஒன்றல்ல.

வாசனை உங்களுக்கு உண்மையாகவே தொந்தரவாக இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. அதை அவரிடம் இயல்பாகவே கேட்கலாம். சமைக்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்தி, அடுப்படிச் சன்னலைத் திறந்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். கருவாட்டை வெந்நீரில் அலசிய தண்ணீரைச் சிங்க்கில் தேங்க விடாமல் ஊற்றிவிட்டு, பின்னோடு வெந்நீர் விடட்டும். சட்டியை அன்றைக்கே புளி போட்டுத் தேய்த்தால் கவிச்சி நிற்காது. மிச்சக் கருவாட்டை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். எந்த ஞாயிறு சமைக்கப் போகிறார் என்று முதல் நாளே சொல்லிவிட்டால், துவைத்த துணியை நீங்கள் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதே பேச்சில், உங்கள் சமையலில் அவருக்குப் பிடிக்காதது என்ன என்பதையும் கேளுங்கள். மூன்று மாதமாக அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

காலி செய்யச் சொல்வதைப் பற்றி நான் வழி சொல்லப் போவதில்லை. புகுந்த வீட்டை விட்டு வந்து நிற்கிற பெண்ணுக்கு இந்த ஊரில் இன்னோர் அறை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். இன்று மாலை அவர் வேலையிலிருந்து வருவதற்கு முன், அந்தத் தட்டையும் தம்ளரையும் எடுத்து மற்றவற்றோடு பொது அலமாரியில் வைத்துவிடுங்கள். அவர் கவனித்துக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.